நெல் காத்திருக்கும், கடன் காத்திருக்காது

"அறுத்தவுடனே விற்காமல் நாலு மாசம் வைத்திருந்து விற்றால் நல்ல விலை கிடைக்குமே?" பொருளாதாரம் படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் :-)

முதலில் கொஞ்சம் தியரி. ஹோல்புரூக் வொர்க்கிங் என்ற அமெரிக்கர், கோதுமைச் சந்தையை ஆராய்ந்தவர், 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார். சரக்கை இருப்பு வைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்றார். இன்றைய விலைக்கும், சில மாதம் கழித்துத் தருவதாக இன்றே பேசும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. வித்தியாசம் அதிகமானால் கிடங்கு நிறையும், குறைந்தால் காலியாகும்.

இப்போது நம்மூர். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நெல் தை, மாசியில் மொத்தமாக வந்து இறங்கும். 2025-26 பருவத்துக்கு நேரடி கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து. பருவம் முழுக்க அதே விலை. அதாவது வித்தியாசம் பூஜ்யம். அங்கே விற்பவருக்குக் காத்திருந்து ஒரு பைசா லாபமில்லை.

வியாபாரியிடம் விற்கலாம் என்று மூன்று மாதம் வைத்திருந்தால்? ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் 2,500-க்கு 225 ரூபாய் தின்றுவிடும். 17 சதவீத ஈரமுள்ள நெல் 14-க்குக் காய்ந்தால் நூறு கிலோவில் மூன்றரை கிலோ எடை போச்சு. ஆக விலை 2,820 ரூபாயைத் தாண்டினால்தான் கைக்கடிக்காது. சாக்கு, வாடகை, எலி எல்லாம் தனி.

இதில் பெரிய செலவு எது? கிடங்கு வாடகை இல்லை, வட்டி! அதனால்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் பொருளீட்டுக் கடன் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெல்லை அங்கே வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில் வாங்கலாம். 180 நாள் வரை வைக்கலாம். 1,875 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி சுமார் 23 ரூபாய். ஊர்வட்டி என்றால் 169.

இன்னொன்று. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டுக் காத்திருக்கும் குவியலும் ஒரு கிடங்குதான். மழை வந்தால் நஷ்டம், காவல் இருக்கும் இரவுகள், ஓடும் வட்டி எல்லாம் விவசாயி தலையில். அந்த இருப்புக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

புதுக் கிடங்கு கட்டுவது நல்லதுதான். ஆனால் காத்திருக்கக் காசில்லாதவருக்கு, பக்கத்தில் கிடங்கு இருந்தும் என்ன பயன்?