பழவேற்காட்டு முகத்துவாரத்தில்

நம் கோட்டைப்பட்டினத்துக் கடல் அலையெறிந்து ஆர்ப்பரிக்கும் கடலன்று. நீர் வற்றும் வேளையில் முழங்காலளவு ஆழத்தில் வெகுதூரம் நடந்து போகலாம். அவ்வாறு ஒருநாள் மாலையில் கரையோரம் உலாவிக்கொண்டிருந்தோம். வலையை உலர்த்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நம்மை நிறுத்தி, சற்றுத் தொலைவில் உவர்நிலத்தில் புதிதாக எழுந்திருந்த கம்பிவேலியைக் காட்டினார். “சாமி, நிலத்துக்குப் பட்டா உண்டு. தண்ணீருக்குப் பட்டா கிடையாதே! அப்படியானால் அது யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டார். குருமடத்தில் பல்லாண்டுகள் கற்ற தத்துவம் எதுவும் அவ்வேளையில் நமக்குக் கைகொடுக்கவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன், தம்பி” என்று சமாளித்து வந்தோம்.

விசாரிக்கப் புகுந்தபோது 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று கண்ணிற்பட்டது. காந்தியவாதியும் சர்வோதயத் தொண்டருமான எஸ். ஜெகந்நாதன் அவர்கள் கடற்கரை இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. அத்தீர்ப்பில் இரண்டு ஏரிகள் பெயர் சுட்டிக் காக்கப்பட்டிருந்தன. ஒன்று ஒரிசாவின் சில்கா. மற்றொன்று தமிழகத்தின் வடகோடியிலுள்ள பழவேற்காடு. இவ்விரண்டிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் குட்டைகள் அமைத்தல் கூடாது என்பது கட்டளை. ஒரு நீர்நிலைக்காக நீதிமன்றம் இத்தனை திட்டமாகப் பேசியிருக்கிறதென்றால், அங்கே அந்த இளைஞருடைய வினாவுக்கு ஏதேனும் விடை கிடைக்குமெனத் தோன்றிற்று. சில வாரங்களில் பயணமானோம்.

சென்னையிலிருந்து கூடூர் மார்க்கத்தில் செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பேருந்தில் ஏற வேண்டும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் ஊரை அடைந்ததும் பெருநகரத்தின் அரவம் முற்றும் அடங்கி, நூறு ஆண்டுகள் பின்னோக்கி வந்துவிட்டது போன்ற உணர்வு உண்டாகிறது. ஒருபுறம் வானமும் நீரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எது ஏரி, எது அடிவானம் என்று பிரித்துச் சொல்ல நமக்குச் சிறிது நேரம் பிடித்தது.

பழவேற்காடு நன்னீர் ஏரியன்று; கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்க் காயல். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். தென்முனை மாத்திரமே நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நீர் கொண்டு வருகின்றன. இத்தனை பரப்பிருந்தும் சராசரி ஆழம் ஒரு மீட்டரளவே. நம் ஊர்க் கடலைப்போல இதுவும் நடந்து கடக்கக்கூடிய நீர்தான் என்று எண்ணியபோது ஓர் உறவுணர்ச்சி பிறந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணல்தீவுகள் அணையிட்டாற்போல் கிடக்கின்றன. அவற்றுள் பெரியது ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காட்டு ஊருக்கு அருகில் அம்மணல் சிறிது விலகி வழிவிடுகிறது. அதுதான் முகத்துவாரம். இக்கட்டுரையின் கதை அந்தச் சிறு இடைவெளியைப் பற்றியதே.

முதலில் ஊரைச் சுற்றினோம். வெளிநாட்டார் இவ்வூருக்கு வந்தது ஏரியின் அழகைக் காண்பதற்கன்று. காற்றுக்கும் பகைவருக்கும் அஞ்சாமல் மரக்கலங்களை நிறுத்துவதற்கும், உள்நாட்டு நெசவாளரின் துணியை வாங்குவதற்குமே வந்தார்கள். அராபிய வணிகர் வழியில் வந்த முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. அவர்கள் வீடுகளில் பெண்கள் பனையோலையால் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் கண்ணைப் பறிக்கும். நாமும் ஒரு பெட்டி வாங்கினோம். பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். மகிமை மாதா ஆலயம் 1515-ஆம் ஆண்டில் அவர்கள் காலத்தில் தோன்றியதென்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சாந்தோமில் போர்த்துக்கீசியர் கோவில் எழுப்பியது அதற்குப் பின்னரே என்பதை நினைக்கும்போது, ஒதுங்கிக் கிடக்கும் இச்சிற்றூரின் மூப்பு புலனாகும். மாதாவின் முன் சிறிது நேரம் மௌனமாய் அமர்ந்துவிட்டு எழுந்தோம்.

போர்த்துக்கீசியரை அடுத்து ஒல்லாந்தர் வந்தனர். விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்று 1610-இல் இங்கே கால் ஊன்றினர். 1612-இல் போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடமாக இருந்தது. பழவேற்காட்டுத் துணி கீழைத்தீவுகளில் வாசனைப் பொருளாக மாறி ஐரோப்பா சென்றது. துணி மட்டுமா? பஞ்சத்தாலும் போராலும் நொந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கில் இத்துறையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். வரலாற்று நூல்கள் துணியின் பெருமையை விரித்துரைக்கும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை என்பது நம் மனத்தாங்கல்.

இப்போது அக்கோட்டை முட்புதர் மண்டிய மேடு. ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் காவலில் நன்றாகவே இருக்கிறது. நுழைவாயிலின் இருமருங்கும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் வடித்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கப்பல்களும் குடும்பச் சின்னங்களும் செதுக்கிய பெருங்கற்கள் கிடக்கின்றன. நம்மோடு வந்த சிறுவன் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆங்கிலேயருக்குப் பழவேற்காட்டுத் துறைமுகம் தேவைப்படவில்லை. அவர்களுக்குச் சென்னை இருந்தது. ஆனால் ஏரியை வழியாகப் பயன்படுத்தினர். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் பழவேற்காட்டுக்கு நீண்டது. தாது வருடப் பஞ்சத்தையொட்டி 1877–78-இல், கூலிக்கு வந்த ஏழைகளைக் கொண்டு சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அதற்கு அன்றைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயரிட்டனர். ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டு விறகு இக்கால்வாய் வழியே படகேறிச் சென்னையின் அடுப்புகளுக்குப் போயிற்று. ஏரிக்கரையின் காடு ஒரு நகரத்தின் சோறாக வெந்தது என்றால் மிகையாகாது.

1969-இல் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து கிளம்பிற்று. அங்கு ஏவப்படும் கலங்கள் நிலவையும் செவ்வாயையும் எட்டியது நாம் அனைவரும் பெருமைப்பட வேண்டியதே. அத்தீவில் காட்டையும் காயலையும் நம்பி வாழ்ந்த யானாதி பழங்குடியினரை இந்தப் பெருமையோடு சேர்த்து நினைப்பவர் சிலரே. சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே மண்கரையாகச் செல்கிறது. குளிர்காலத்தில் அதன் இருபுறமும் பூநாரைகள் செந்நிறக் கோடாக நிற்பதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அதே கரை, வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே நீரின் போக்கைத் தடுத்தும் வருகிறது.

நிற்க. நம்மை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றவர் எழுபது வயதைக் கடந்த மீனவப் பெரியவர். அவர் தம் சிறு படகை ஏரியில் தள்ளிச்சென்று, மணலுக்கு அருகில் நிறுத்தி, கையிலிருந்த கழியை நீரில் ஊன்றிக் காட்டினார். கழியில் ஈரம் ஏறியது அவர் இடுப்பளவுதான்.

“இதுதான் சாமி ஏரியின் மூச்சு. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு இந்த வழியாக உள்ளே வந்து வளரும். பிறகு இதே வழியாகக் கடலுக்குத் திரும்பும். வாய் அடைத்துக்கொண்டால் வருவதும் இல்லை, போவதும் இல்லை.”

கோடையில் ஆறுகள் வற்றும்போது உள்ளிருந்து தள்ளும் நீர் குறைகிறது. கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கிறது. வாய் அடைபட்ட ஏரியில் உப்பு மிகுகிறது. மழைக்காலத்திலோ வெள்ளம் வடிய வழியின்றிக் குப்பங்களைச் சூழ்கிறது. படகுகளும் கடலுக்குள் போக முடிவதில்லை. பல முறை மீனவர்களே திரண்டு மணலை அகற்றியதுண்டு. அரசு எந்திரங்களைக் கொண்டு தூர் வாரியதும் உண்டு. வாரிய மணல் மீண்டும் வந்து சேர்ந்துவிடும். அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 27 கோடி ரூபாய்ச் செலவில், கடலை நோக்கிக் கற்சுவர்களை நீட்டி வாயை நிலையாகத் திறந்துவைக்கும் திட்டத்தை அரசு மேற்கொண்டது.

“கல் நல்லதுதானே?” என்றோம். பெரியவர் உடனே தலையசைக்கவில்லை. “மணல் நம் பேச்சைக் கேட்பதில்லை, சாமி. இங்கே தடுத்தால் வேறெங்கோ அரிக்கும். தெற்கே பாருங்கள்” என்றார்.

தெற்கே அடிவானத்தில் பாரந்தூக்கிகளின் கழுத்துகள் தெரிந்தன. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் ஒரு துறைமுகச் சுவர் நீண்டால், அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை கரையும். இது ஊகமன்று. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னரே மெரினா அத்தனை அகலமாயிற்று. அதே காலத்தில் வடக்கே இராயபுரக் கரையைக் கடல் தின்னலாயிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் சுமார் பத்தாண்டுகள் கழித்து எழுந்து, 2018-இல் அதானி குழுமத்தின் வசமாயிற்று. 330 ஏக்கரில் இருந்த அதனை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் கடலைத் தூர்த்து உண்டாக்கும் நிலமும் அடங்கும். 2023 செப்டம்பரில் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகத்தால் வேலை வரும் என்பாருடைய வாதத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. நம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். ஆயினும் இதுவரை இவ்வேரிக்கு நிலம் தேடி வந்த எவரும் முகத்துவாரத்தை முதற்கணக்கில் எழுதியதாக நமக்குத் தெரியவில்லை.

இளைஞரின் வினாவைப் பெரியவரிடம் அப்படியே வைத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “எங்களுக்குப் பாடு இருக்கிறதே!” என்றார். பாடு என்பது இவ்வேரியின் பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் முகத்துவாரத்தை அடுத்த வளமான தளங்களில் முறைவைத்து வலையிடுகின்றன. எந்த நாளில் எவர் எந்தத் தளத்துக்குப் போவது என்பதை ஊரே முடிவு செய்யும். இன்று நல்ல தளம் கிடைத்தவர் நாளை இடம் மாறியாக வேண்டும். எழுத்தில் பட்டா இல்லை. ஆனால் முறை தப்பினால் ஊர் கேட்கும். நம் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுக்கு 4 நாளும் எனப் பிரித்துக்கொண்டிருப்பதை அவரிடம் சொன்னோம். “அதுவும் பாடுதான்” என்றார். ஆனால் இம்முறையில் இடமில்லாத மீனவர்களும் ஏரியில் உண்டு என்பதையும், அதனால் சச்சரவுகள் எழுந்ததையும் அவரே மறைக்காமல் கூறினார். முறைக்குள் இருப்பவர் வெளியே நிற்பவரைப் பற்றிப் பேசியது நம்மை அவரிடம் மேலும் மதிப்புக் கொள்ளச் செய்தது.

கரைக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கூழைக்கடாக்கள் சில தாழப் பறந்து போயின. தேநீர் அருந்திப் போகலாமே என்று அழைத்தோம். “இல்லை சாமி. நாளைக்கு எங்கள் முறை. வலையில் இரண்டு இடம் கிழிந்திருக்கிறது, இருட்டுமுன் கட்ட வேண்டும்” என்று விடைபெற்று, கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.