துக்கம் விசாரிக்கும் நாய்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை கேட்வே ஆஃப் இந்தியாவுக்கும் ஜூஹூ கடற்கரைக்கும் அழைத்துச் செல்வது மும்பைத் தமிழர் வழக்கம். இந்நகரம் அழுத இடங்களை யாரும் காட்டுவதில்லை. ரயில்வே எழுத்தர் பணியில் கிடைக்கும் வார ஓய்வு ஒன்றில் அத்தகைய இடங்கள் சிலவற்றைப் பார்த்து வந்தோம். அங்குக் கண்டதையும் அதையொட்டி நம் சிந்தையில் எழுந்ததையும் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

மாட்டுங்காவில் புறப்பட்டோம். வாழையிலை, மல்லிகைச் சரம், வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் ஆகியவற்றைக் கடந்து, லேபர் காம்ப் வழியாகத் தொண்ணூறு அடிச் சாலையை அடைந்தால் அதுவே தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் பேரப்பிள்ளைகள் இங்கு வாழ்கின்றனர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல லட்சம் மக்கள்! கோயில் மணியும் மசூதியின் பாங்கும் தேவாலயப் பாட்டும் ஒரே சந்தில் கேட்கும்.

இதன் ஓரமாகத்தான் மித்தி ஆறு செல்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டரே. மித்தி கரை புரண்டது, ரயில்கள் நின்றன. அன்று எந்தச் சமயத்தாரும் கதவை அடைக்கவில்லை.

அடுத்த சோதனை 2020-இல் வந்தது. மார்ச்சு 22 முதல் பயணி ரயில்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு விதித்தது. மாநகராட்சியும் மருத்துவர்களும் தொண்டர்களும் பாடுபட்டு நோயை அடக்கியதை உலக சுகாதார நிறுவனமே அவ்வாண்டு ஜூலையில் எடுத்துக்காட்டாகக் கூறியது.

ஆயினும் ஒரு சந்தில் நாம் கண்ட மூதாட்டி வேறொன்றைச் சொன்னார். அவருடைய கணவர் அவ்வாண்டு காலமானார். வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வந்தவண்ணம் இருந்தன. பழி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துக்கம் விசாரிக்க ஓர் ஆள் வரவில்லை. ஊரில் இருக்கும் தங்கை வர ரயில் இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு வர அச்சம். சந்தில் திரியும் நாய் ஒன்று மட்டும் இரவெல்லாம் வாசற்படியில் படுத்துக் கிடந்ததாம். அது செத்துப் போய்விட்டது என்று சொல்லும்போதுதான் அந்த அம்மையார் கண் கலங்கினார்.

சயான் நிலையத்தில் ரயிலேறி, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறிச் செம்பூரில் இறங்கினோம். 2021 ஜூலை 18 அன்று பெருமழையில் வாசி நாக்காவின் பாரத் நகரில் மதில் இடிந்து மலையடிவாரக் குடிசைகள் மேல் விழுந்தது. பத்தொன்பது உயிர்கள் போயின. இன்று பார்க்கும் வழிப்போக்கனுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. இழந்தவர்களுக்கோ ஒவ்வொரு மழையும் அந்த மழைதான்.

இவ்விடத்தில் கிறிஸ்தவத் தொண்டர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1882 செப்டம்பர் 19 அன்று பிரடரிக் டக்கர் என்பவர் சில தோழர்களுடன் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி இரட்சணிய சேனையின் பணியை இந்நாட்டில் தொடங்கினார். பக்கிரி சிங் என்று பெயர் பூண்டு இந்திய உடை உடுத்தார். 1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது கத்தோலிக்கர் தெருக்களில் நட்ட சிலுவைகளைப் பாந்திரா முதலிய இடங்களில் இன்றும் காணலாம். 1947-இல் பிரிவினை அகதிகளுக்கு உதவ எழுந்த திருச்சபைகளின் கூட்டுத் தொண்டே காசா என்ற அமைப்பாக வளர்ந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது நம் தமிழகக் கடற்கரையிலும் அது பணியாற்றியது.

இவையெல்லாம் அன்னமும் ஆடையும் கூரையும் தந்த தொண்டுகள். அம்மூதாட்டிக்குக் கிட்டாத மற்றொன்றைத் தருவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தொண்டு நடைபெறுகிறது. அதைச் செய்வன நாய்கள் என்றால் அன்பர்கள் வியப்பர்!

2008 பிப்ரவரியில் வட இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒருவன் சுட்டதில் ஐந்து மாணவர்கள் மாண்டனர். பேச்சற்றுப் போன மாணவர்களிடையே சில நாய்களை அழைத்துச் சென்றனர். யாரிடமும் வாய் திறவாத பிள்ளைகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதனர். அதைக் கண்ட லூத்தரன் திருச்சபைத் தொண்டர்கள் அவ்வாண்டே ஆறுதல் நாய்ப் பணியைத் தொடங்கினர். கோல்டன் ரிட்ரீவர் என்னும் சாந்தமான சாதி நாய்களே பழக்கப்படுகின்றன. குரைப்பதில்லை, தாவுவதில்லை. என்னைத் தடவிக்கொடுங்கள் என்று எழுதிய உடுப்பை அணிந்திருக்கும். அழைத்தால் மட்டுமே போவார்கள், காசு வாங்குவதில்லை. 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டபோது அந்த ஊருக்கும் இந்நாய்கள் சென்றன.

நாய்க்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. செல்வன் வாசலில் கிடந்த லாசருவின் புண்களை நக்கியவை நாய்களே என்று லூக்கா சுவிசேஷம் கூறுகிறது. கொள்ளைநோயில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்குக்கு ரொட்டி கொண்டுவந்தது ஒரு நாய் என்பது கத்தோலிக்க மரபு. நம் பாரதக் கதையிலும் தருமருடன் இறுதிவரை நடந்தது நாயல்லவா?

நம் மும்பையும் நாய்களுக்குக் கடன்பட்டதுதான். 2008 நவம்பர் 26 இரவு சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அங்கே மறைந்து கிடந்த கையெறி குண்டை மோப்பம் பிடித்துப் பலரைக் காத்தது சீசர் என்னும் போலீஸ் நாய். அந்நாட்களில் பணிபுரிந்த மாக்ஸ், சுல்தான், டைகர், சீசர் ஆகிய நான்கும் 2016-இல் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 2023-இல் மும்பை விமான நிலையத்தில் பயணிகளின் மனக்கலக்கம் தணிக்கப் பழகிய நாய்கள் அமர்த்தப்பட்டன.

ஆனால் விமான நிலையம் வேறு, தாராவிச் சந்து வேறு. இங்கே தாய்மார் குழந்தைக்குக் கற்பிக்கும் முதற்பாடமே நாயைத் தொடாதே என்பது. அதில் நியாயமும் உண்டு. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். ஆகவே ஆறுதல் நாய் நாளையே நம் சாலுக்கு வந்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை.

அந்த நாய் செய்வதை நாம் செய்யலாமே என்பதுதான் நம் விண்ணப்பம். நாய் அறிவுரை கூறுவதில்லை. விதி என்று தத்துவம் பேசுவதில்லை. எவ்வளவு கடன், இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்பதில்லை. அருகில் இருக்கிறது. நம் முன்னோர் துக்கம் விசாரித்த முறையும் அதுவே. ஆடவர் மௌனமாகக் கை நீட்டுவர். பெண்டிர் கட்டிக்கொண்டு அழுவர். ஊரில் அதற்கு உற்றார் இருந்தனர். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு இப்பால் பிழைக்க வந்த நமக்கு உற்றார் யார்? நாமேதான்!

ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் உள்ளூர் மக்களுக்கே பயிற்சியளித்து, துயருற்றோருடன் இருந்து கேட்கும் பணியில் ஈடுபடுத்தினர். நம் சங்கமும் சாலுக்கு இருவராகப் பெயர் எழுதிக்கொள்ளலாம். பதினாறாம் நாளுக்குப் பின் உறவினர் கலைந்துவிடுவர். முப்பதாம் நாளும், மூன்றாம் மாதமும், முதல் மழை நாளும் அவ்வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற பேதம் இதில் வேண்டா. தாராவியில் அம்மூதாட்டி வீட்டுக்குச் செல்ல முன்வரும் சகோதரிகள் இருவர் பெயரை முதலில் எதிர்பார்க்கின்றோம்.