பதினோரு மாதங்கள்

2024 ஜூலை மாத நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹவுஸ் ஓனர் போன் செய்தார். பெங்களூரில் நாங்கள் குடியிருந்த நான்காவது வீடு அது. நல்ல மனிதர். உகாதிக்கு ஒப்பட்டு கொடுத்தனுப்புவார், என் மகளை "புட்டி" என்றுதான் கூப்பிடுவார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "சார், பையன் அமெரிக்காலேர்ந்து திரும்பி வர்றான். செப்டம்பருக்குள்ள வேற வீடு பாத்துக்கிட்டா நல்லாயிருக்கும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

"சரி அங்கிள்" என்றேன். வேறு என்ன சொல்வது? எங்களுக்குள் இருந்தது பதினோரு மாத ஒப்பந்தம். அதுவும் மே மாதமே முடிந்திருந்தது. புதுப்பிக்கலாம் புதுப்பிக்கலாம் என்று இரண்டு பேருமே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

போனை வைத்த கையோடு செய்தியைத் திறந்தால், கர்நாடக அமைச்சரவை முந்தைய நாள் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்ற பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். அடுத்த பத்து நாட்களுக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, ஐடி ஊழியர்களின் வேலை நேரத்தை நீட்டிக்கும் முன்மொழிவு. இன்னொன்று, பெங்களூர் மாநகராட்சியைப் பிரித்துப் புதிதாகக் கட்டமைக்கும் மசோதா. அந்த மாதம் முழுக்க நான் ஒரு பக்கம் வீடு தேடினேன், இன்னொரு பக்கம் மசோதா படித்தேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

*

முதல் மசோதாவில் என் கண் நேராகப் போய் நின்றது "உள்ளூர் வேட்பாளர்" என்பதற்கான விளக்கத்தில். பதினைந்து வருடம் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்று இருந்தது. மனசு உடனே கணக்குப் போட்டது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து 2011-இல் வந்தேன். பதிமூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டுதான் பாக்கி. சமாளித்துவிடலாம்.

அப்புறம்தான் அந்த வாக்கியத்தை ஒரு கோட் மாதிரி படித்தேன். கர்நாடகத்தில் பிறந்திருக்க வேண்டும், அண்ட், பதினைந்து வருடம் வசித்திருக்க வேண்டும், அண்ட், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாமே அண்ட், ஒரு இடத்தில்கூட ஆர் இல்லை. முதல் நிபந்தனையிலேயே ஃபால்ஸ் வந்துவிட்டால் ப்ரோக்ராம் அடுத்ததைப் பார்க்கவே பார்க்காது. நான் இன்னும் ஐம்பது வருடம் இங்கே இருந்து, இங்கேயே செத்தாலும், அந்த வாக்கியத்துக்குள் நுழைய முடியாது. எங்கள் வீட்டில் நுழையக் கூடியவள் ஒருத்திதான். 2018-இல் இங்கே பிறந்தவள், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள்.

அன்று மதியம் ஆபீஸில் எங்கள் தமிழ் டேபிளில் ஒரே கொந்தளிப்பு. "நாமதான்டா இந்த ஊருக்கு டாக்ஸ் கட்றோம்" என்றான் ஒருத்தன். நானும் தலையாட்டினேன். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறுத்தியது. தொழில் நிறுவனங்களில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தபோது, இதே டேபிளில் யாரும் கொந்தளிக்கவில்லை. "கரெக்ட்தானே, நம்ம பசங்களுக்கு வேலை வேணாமா" என்றுதான் பேசினோம். கன்னடர்களுக்கும் அதே ஆதங்கம் இருக்காதா? சரோஜினி மஹிஷி தலைமையிலான குழு உள்ளூர் வேலைவாய்ப்பு பற்றி அறிக்கை கொடுத்தது 1980களில். நான் பிறப்பதற்கு முன்பு தொடங்கிய பேச்சு அது. நேற்று வந்தவன் எனக்கு அது நேற்றைய செய்தியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மசோதா இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. தொழில் துறை எதிர்த்தது, புதன்கிழமையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஹரியானா கொண்டுவந்த 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் இதுவும் தடுமாறியிருக்கலாம். எங்கள் டேபிளில் நிம்மதிப் பெருமூச்சு. அதை நிறுத்தியவர்கள் யார் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. முதலாளிகளின் குரலுக்குக் கீழே நாங்கள் ஒளிந்துகொண்டிருந்தோம்.

*

சில நாட்களிலேயே அதே முதலாளிகள் வேறு பக்கம் நின்றார்கள்.

கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை. ஓவர்டைம் சேர்த்தால் பத்து. மூன்று மாதத்தில் ஓவர்டைம் 50 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐடி துறைக்கு மட்டும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாம், மூன்று மாதத்தில் 125 மணி நேரம் வரை போகலாம் என்று திருத்தம் கொண்டுவர யோசனை இருப்பது வெளியே தெரிந்தது. கர்நாடக ஐடி ஊழியர் சங்கம் அதற்கு "14 மணி நேர வேலை நாள்" என்று பெயர் வைத்து எதிர்த்தது. தொழில் துறையிலிருந்து வந்த கோரிக்கை இது என்று தொழிலாளர் துறை அமைச்சரே சொன்னார்.

நான் இதை இரவு பதினொன்றேகாலுக்குப் படித்தேன். ரிலீஸ் வாரம். காலை ஒன்பதரைக்கு லாகின் செய்தவன். சட்டம் பத்து என்று சொல்லிக்கொண்டிருந்த நாளில் நான் பதிமூன்றரை மணி நேரம் தாண்டியிருந்தேன். எங்களுக்கு ஓவர்டைம் என்று ஒரு ஃபார்மும் இல்லை, பேஸ்லிப்பில் ஒரு வரியும் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன படிக்கிற?" என்றாள். சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "இனிமேதான் பதினாலு மணி நேரம் ஆக்கப் போறாங்களா?"

அந்தச் சிரிப்பு சரிதான் என்று முதலில் தோன்றியது. நடைமுறையில் ஏற்கனவே இருக்கிறதே, சட்டத்தில் வந்தால் என்ன? பிறகு யோசித்தபோது அப்படித் தோன்றவில்லை. சட்டத்தில் பத்து என்று இருக்கும்வரை, பதினோராவது மணி நேரம் அவர்கள் தப்பு. நான் புகார் கொடுக்காமல் இருப்பது என் கோழைத்தனம். ஆனால் கொடுக்கலாம் என்ற கதவு அங்கே இருக்கிறது. பதினாலு என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு இருந்த இடத்தில் சுவர்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அப்போது நான் பெங்களூரில் உட்கார்ந்து "நம்ம ஊரு நம்ம ஊருதான்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். அந்த எதிர்ப்பில் என் பங்கு அந்த ஸ்டேட்டஸ்தான். அடுத்த வருடம் எனக்காக இங்கே தெருவில் நின்ற சங்கத்திலும் நான் உறுப்பினர் கிடையாது. அந்த முன்மொழிவும் அப்போதைக்கு அமுங்கியது. 2025 ஜூனில் பத்து மணி நேரம், ஓவர்டைமோடு 12 என்று வேறு உருவத்தில் திரும்ப வந்தது. இந்த மாதிரி யோசனைகள் சாவதில்லை, சும்மா தூங்கும்.

*

வீடு காலி செய்யும் நாள் வந்தது. வாடகை 28,000. அட்வான்ஸ் பத்து மாதம், 2,80,000. பெயின்டிங், கிச்சன் ஷட்டர், பாத்ரூம் குழாய் என்று எழுதி 52,000 கழித்து மீதியைக் கொடுத்தார் ஓனர். ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கு எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். மற்ற 24,000-க்கு பில் கேட்டேன். "புட்டி வெளையாண்ட சுவரு சார்" என்றார், அதே அன்போடு.

அன்று இரவு சட்டத்தைத் தேடினேன். கர்நாடக வாடகைச் சட்டம், 1999. ஆர்வமாகத் திறந்தால், பெங்களூர் போன்ற இடங்களில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்று 3,500 ரூபாய்க்கு இந்த ஊரில் பைக் நிறுத்த இடம் கிடைக்கலாம். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒரு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. வீடுகளுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் எடுத்துச் சட்டமாக்கினால்தான் உயிர் வரும். தமிழ்நாட்டின் 2017 சட்டம் மூன்று மாதம் என்கிறது, கூடவே வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று ஓர் ஓட்டையையும் வைத்திருக்கிறது.

வேலை நேரத்துக்கும் வேலை ஒதுக்கீட்டுக்கும் ஒரே மாதத்தில் வரைவு எழுத ஆள் இருந்தது. கர்நாடகத்தில் வாடகைதாரனின் அட்வான்ஸுக்கு வரம்பு கேட்டு அரசாங்கத்தின் காதைப் பிடித்து இழுக்க ஏன் ஆள் இல்லை? வீட்டு ஓனருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிறது. அவர் மகனுக்கும் மருமகளுக்கும் இருக்கும். எனக்கு?

*

எனக்கு ஓட்டு திண்டுக்கல் பக்கத்தில், அப்பா வீட்டு விலாசத்தில். 2011, 2016, 2021 என்று மூன்று சட்டமன்றத் தேர்தலுக்கும் பஸ் பிடித்துப் போய் ஓட்டுப் போட்டவன். அதில் ஒரு பெருமையும் உண்டு. ஆனால் நான் ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ.வால் என் அட்வான்ஸையோ என் வேலை நேரத்தையோ தொட முடியாது. தொடக்கூடிய எம்.எல்.ஏ.வுக்கு நான் தேவையே இல்லை. 2023 மே 10, கர்நாடகத் தேர்தல் நாள், ஆபீஸ் லீவ். ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த லீவில் நான் பெண்டிங் டிக்கெட் இரண்டை முடித்தேன்.

மாநகராட்சியோ இன்னும் மோசம். பெங்களூருக்குக் கடைசியாகக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது 2015 ஆகஸ்ட்டில். 2020 செப்டம்பரில் அவர்கள் காலம் முடிந்தது. ஐந்து வருடத்துக்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் ஊர் கவுன்சிலரே இல்லாமல் வருடக்கணக்காக ஓடியது. அந்த ஜூலையில் அறிமுகமான கிரேட்டர் பெங்களூர் மசோதா 2025 மார்ச்சில் நிறைவேறி, மே 15-இல் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தானது. மேலே ஓர் ஆணையம், அதற்குத் தலைவர் முதலமைச்சர். எங்கள் தெருச் சாக்கடை பொங்கினால் யாரிடம் போவது என்று தெரியாமல் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் திட்டுவோம். கவுன்சிலர் வந்தாலும் அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு இங்கே ஓட்டு இல்லை என்பதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஓட்டை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். படிவம் 8. விலாசச் சான்றுகளின் பட்டியலில் வாடகை ஒப்பந்தமும் இருந்தது, பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற குறிப்போடு. இந்த ஊரில் ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதம்? ஒரு வருடத்துக்கு மேல் போனால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான். பதிமூன்று வருடத்தை நான் பதினோரு பதினோரு மாதமாக வாழ்ந்திருந்தேன். கரண்ட் பில் ஓனர் பெயரில். ஆதாரில் ஊர் விலாசம். மிச்சம் இருந்தது கேஸ் பில். அதுவும் புது வீட்டு விலாசத்தில் ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். காத்திருந்தேன்.

அதற்குள் அப்பாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஊர்ல இருக்கிற ஓட்டையும் எடுத்துட்டா, நீ இந்த ஊர்க்காரன்ங்கிறதுக்கு என்னடா மிச்சம்?"

"வீடு இருக்கேப்பா."

"வீடு என் பேர்ல இருக்கு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. இங்கே மசோதா என்னை உள்ளூர்க்காரன் இல்லை என்றது. அங்கேயும் இல்லை என்று ஆக்கிக்கொள்ள நானே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் மாற்றாமல் இருந்ததற்குச் சோம்பல் ஒரு காரணம்தான். என்றைக்காவது திரும்பிப் போய்விடுவோம் என்ற நினைப்பு இன்னொன்று. அந்த நினைப்பைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ள ஓட்டு ஒரு லாக்கர் மாதிரி இருந்தது.

2025 ஆகஸ்ட்டில் அடுத்த பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன், ஐந்து சதவீதம் ஏற்றத்தோடு. செப்டம்பர் கடைசியில் கேஸ் பில்லை இணைத்துப் படிவத்தை அனுப்பினேன். சில வாரம் கழித்து பூத் அதிகாரி விசாரிக்க வந்தார், ஒரு அம்மா, கையில் தடியான நோட்டு. கன்னடத்தில் கேட்டார், எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பதில் சொன்னேன். ஒரு தாளை நீட்டி, வீட்டு விலாசத்தைக் கன்னடத்தில் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரிதான் என்றும் சொன்னார்.

நான் ஆங்கிலத்துக்குப் போவதற்குள் மகள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பள்ளியில் கன்னடம் கட்டாயப் பாடம். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, எங்கள் கதவு எண், தெரு, வார்டு எல்லாம் எழுதினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தார். அவர் போனதும் மகளிடம், "அதை எனக்கும் ஒரு தடவை எழுதிக் காட்டு" என்றேன்.

"எதுக்குப்பா?"

"அடுத்த தடவை நானே எழுதணும்."