வாப்பா கொண்டுவந்த சீஸ்

மக்ரிபுக்குப் பிந்திய வகுப்பில், கோழைத்தனத்தை விட்டும் கஞ்சத்தனத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரபியில் கோழைத்தனத்திற்கு ‘ஜுப்ன்’ என்பர். தந்தையோடு குவைத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த மாணவன் ஒருவன் கை உயர்த்தினான்.

“உஸ்தாத், ஜுப்ன்னா சீஸ்தானே? சீஸை விட்டுமா பாதுகாப்புக் கேக்குறோம்?”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். பாலாடைக்கட்டிக்கும் அரபியில் அதே சொல்தான், எழுத்தும் அதேதான், இடத்தைக் கொண்டே பொருளை அறிய வேண்டும் என்று விளக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. சீஸை விட்டும் பாதுகாவல் தேடி ஓடிய ஒரு காலம் என் வாழ்வில் உண்மையிலேயே இருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் வாப்பா ஜித்தாவில் ஒரு பகாலாவில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது பால்மாவு, டாங், தைலம், தொழுகை விரிப்பு ஆகியவற்றோடு சீஸும் இருக்கும். நீல நிறத் தகர டப்பாவில் வந்த கெட்டியான மஞ்சள் சீஸ், வட்டப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் சுற்றி அடுக்கிய முக்கோணச் சீஸ், உப்புநீரில் மிதக்கும் வெள்ளைச் சீஸ் என மூன்று வகை. முக்கோணம் பிள்ளைகளுக்கு. அதன் சிவப்பு நூலை இழுத்துத் தாளைக் கிழிப்பதற்காகவே நானும் லாத்தாவும் சண்டையிட்டிருக்கிறோம். உம்மாவுக்கு எதுவும் பிடிக்காது. “சோப்பைத் தின்ன மாதிரி இருக்கு” என்பார்கள்.

வாப்பாவுக்கு உயிர் வெள்ளைச் சீஸ்தான். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் அதைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டு உப்பிறக்குவார்கள். பின்னர் கையால் உதிர்த்து, ஒலிவ எண்ணெய் விட்டு, தக்காளியும் வெள்ளரிக்காயும் அருகில் வைத்து, நம் வீட்டுக் கோதுமை ரொட்டியைக் குப்ஸாகப் பாவித்துக் கிள்ளிக் கிள்ளி உண்பார்கள். பால் கலக்காத தேநீர் உடனிருக்க வேண்டும். உண்ணும்போதே கடைக்கு வரும் மனிதர்களைப் பற்றிய கதைகளும் வரும். மிஸ்ரிகள் கோடையில் வெள்ளைச் சீஸைத் தர்பூசணியோடு உண்பார்கள் என்று கூறியபோது நாங்கள் நம்பவில்லை. உப்பும் இனிப்பும் ஒரே வாயில் எப்படிச் சேரும்? ஃபலஸ்தீனர்கள் தங்கள் நாபுலூஸ் நகரத்துச் சீஸின் உப்பை ஊறவைத்து நீக்கி, அதன்மேல் மெல்லிய மாவிழைகளைப் பரப்பி, நெய்யில் முறுகவிட்டு, சர்க்கரைப் பாகு ஊற்றிக் குனாஃபா செய்வார்கள் என்றும் கூறுவார்கள். குடும்பத்தை விட்டுத் தனித்திருந்த அந்த ஆண்டுகளில் வாப்பா தமக்கென்று பழகிக்கொண்ட ஒரே சுவை அதுதான் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது.

அப்போது எனக்கு இருபது வயது. இஸ்லாமியக் கல்வியில் டிப்ளோமா படிப்பின் முதலாண்டு. அக்காலத்தில் ஹராமான உணவுகளின் பட்டியல் என்று யாரோ தட்டச்சு செய்த தாள் ஒன்று ஜெராக்ஸாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் சீஸும் இருந்தது. பால் குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் என்னும் உறைபொருளைக் கொண்டே பாலைக் கட்டியாக்குகிறார்கள் என்று அத்தாள் கூறியது. அது உண்மைதான். நம் ஃபிக்ஹு நூல்கள் ‘இன்ஃபஹா’ என்று குறிப்பிடுவதும் அதையே. ஆனால் அந்த ஒற்றைத் தகவலோடு நான் நேரே வாப்பாவின் முன் போய் நின்றேன்.

“இது கன்னுக்குட்டி வயித்துல எடுத்ததப் போட்டுச் செய்றது வாப்பா. யாரு அறுத்தாங்க, எப்படி அறுத்தாங்கன்னு தெரியாது. ஹராம்.”

ரொட்டியைக் கிள்ளிய கை நின்றது. “அந்த ஊருல எல்லாரும் சாப்பிடுறாங்களே, வாப்பா” என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்கள். ஊரார் உண்பது ஆதாரமாகாது என்று பதிலளித்தேன். அவர்கள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து கை கழுவினார்கள். எஞ்சியிருந்தவற்றையும் உடைக்காத நீல டப்பாக்களையும் கொல்லைப்புறத்தில் நானே குழிதோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு அது ஒரு ஜிஹாதைப் போல எனக்குத் தோன்றியது, அல்லாஹ் மன்னிப்பானாக. அதற்குப் பின் வந்த பெட்டிகளில் சீஸ் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, மதரஸாவில் ‘ஃபத்ஹுல் முயீன்’ கிதாபை ஓதிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதன் ஆசிரியர் இமாம் ஸைனுத்தீன் மலபாரி (ரஹ்) அவர்கள் நம் அண்டை மண்ணான மலபாரைச் சேர்ந்தவர்கள். பொன்னானிப் பள்ளியின் பாரம்பரியத்தில் வந்தவர்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரையூர்களில் அக்கிதாபைத் தொடாமல் ஓதி முடித்த ஆலிம் அரிது. அதில் நஜீஸ் பற்றிய பகுதியில் ஒரு முக்கியமான விதி வருகிறது. அடிப்படையில் சுத்தமான ஒரு பொருள், அதுபோன்றவற்றில் அசுத்தம் கலப்பது மிகுதி என்பதனால் மட்டும் அசுத்தமாகிவிடாது. உறுதியாகத் தெரியாதவரை அது தன் அடிப்படையிலேயே நிற்கும். இதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் பொருள்களில் ஒன்று ஷாம் தேசத்துச் சீஸ்! பன்றியின் உறைபொருளால் செய்யப்படுகிறது என்று பெயர்பெற்றிருந்த சீஸ் அது. அங்கிருந்து வந்த சீஸை நபி (ஸல்) அவர்கள் விசாரிக்காமல் உண்டார்கள் என்றும் இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பாடத்தை அன்று அத்தோடு நிறுத்திவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கிதாப் நான் டப்பாக்களைப் புதைத்த நாளிலும் என் அலமாரியில்தான் இருந்தது.

பிறகு தேடத் தேட வாசல்கள் திறந்தன. தபூக்கில் அண்ணலாரிடம் சீஸ் கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் கத்தியை வரவழைத்து, பிஸ்மில்லாஹ் கூறி அதை வெட்டினார்கள் என்னும் இப்னு உமர் (ரழி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்த அன்னை ஸஃபிய்யா (ரழி) அவர்களின் வலீமா விருந்தில் இறைச்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. பேரீச்சம்பழமும் நெய்யும் ‘அகித்’ என்னும் உலர்ந்த பாலாடைக்கட்டியுமே இருந்தன. ஃபித்ராவாகவும் நபித்தோழர்கள் ஒரு ஸாஉ அகித் கொடுத்ததுண்டு. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் சிறிய தாயார் நெய், அகித், உடும்பு ஆகியவற்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தபோது, நபியவர்கள் முதலிரண்டையும் உண்டு உடும்பை மட்டும் விட்டார்கள். அது அவர்களுக்கு விருப்பமில்லை, அவ்வளவே. அவர்களின் விரிப்பில் மற்றவர்கள் அதை உண்டார்கள். நம் உம்மாமார்கள் “எனக்கு ஒத்துக்காது” என்று சொல்லி ஒதுங்குவதும் இந்த வகைதான்.

முறையாக அறுக்கப்படாத பிராணியின் இன்ஃபஹா பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஷாஃபிகளிடம் அது நஜீஸ். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது சுத்தமானது. மஜூஸிகள் தயாரித்த சீஸை இராக்கில் ஸஹாபாக்கள் உண்டதை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். இன்றைக்கு விசாரிப்பதும் எளிது. நம் நாட்டில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் கன்றின் ரென்னட் இருக்கக்கூடாது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருளையே சேர்க்கிறார்கள். பனீருக்கோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரென்னட்தான் வேண்டும் என்பது அவர்களின் விதி. பேணுதலாக இருக்க விரும்புகிறவர் அதைத் தவிர்த்துக்கொள்ளலாம். நானும் தவிர்க்கிறேன். ஆனால் இன்னொருவர் தட்டின் முன் போய் நிற்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வாப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதைத்தான் ஜுப்ன் என்று அந்த மாணவனுக்கு விளக்கியிருக்க வேண்டும். அவர்கள் வேலையை விட்டு ஊரோடு வந்துசேர்ந்தார்கள். இரத்த அழுத்தம் வந்தது. உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கட்டளையிட்டார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த வகுப்பு நடந்த வாரம், துபையிலிருந்து வந்த லாத்தாவின் மகன் உப்புநீரில் ஊறிய வெள்ளைச் சீஸ் ஒரு டப்பா கொண்டுவந்தான். உறைபொருள் எதுவென்று படித்துப் பார்த்தேன், நுண்ணுயிர் வகை. இரவு முழுவதும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். ஃபஜ்ருக்குப் பின் அதைத் தட்டில் உதிர்த்து, ஒலிவ எண்ணெய் விட்டு, வெள்ளரிக்காய் நறுக்கி, ரொட்டியோடு வாப்பாவின் முன் வைத்தேன்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு வாப்பா. முழுசா ஓதாமப் பேசிட்டேன். மாப்புச் செய்யுங்க.”

என்றைக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. ரொட்டியைக் கிள்ளி, சீஸைச் சேர்த்து வாயிலிட்டு, கண்ணை மூடி நெடுநேரம் மென்றார்கள். உம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரொம்ப ஊற வச்சுட்டே. உப்பே இல்ல” என்றார்கள் வாப்பா. அடுத்த துண்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்கள்: “அந்த நீல டப்பா இப்பவும் விக்கிறானாமா?”