பெங்களூரில் காப்பித் தூள் வாங்கிய படலம்

பெங்களூருக்கு வந்து குடியேறும் தமிழர் இல்லங்களில் முதல் ஆறு மாதத்துக்குள் எழும் வழக்குகள் பலவாயினும், அவற்றுள் தலையாயது காப்பி வழக்கே. தண்ணீர் மேல் பழி போடுவோர் உண்டு. ஆனால் இந்நகரத்தார் அருந்துவதும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர்தான். ஆதலால் மாயவரத்திலிருந்து வந்த நம் அன்னையார் முன்னிலையில் அந்தச் சாக்கு செல்லுபடியாகவில்லை.

நாம் இரயில்வேயில் குமாஸ்தா. பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வூர்வாசி. சென்ற ஐப்பசியில் தந்தையார் காலமானபின் அன்னையாரை இங்கே அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் அவர் எதையும் குறை கூறினாரில்லை. டபராவில் பாதிக் காப்பியை மட்டும் மீதி வைப்பார். பின்னர் மாலைக் காப்பியை நிறுத்தினார். ஒரு நாள், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பொங்கலுக்குள் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்றார். ஐம்பது ஆண்டு காப்பி குடித்தவர் வாயிலிருந்து வந்த சொல் இது. நம் இல்லாள் அன்றிரவு சமையலறையில் நின்று கண் கலங்கினாள். நாம் டிக்கெட்டும் எடுத்தோம். காப்பித் தூளை மாற்றுவதென்றும் தீர்மானித்தோம்.

விலை உயர்ந்தது எதுவோ அதுவே நல்லது என்று நாம் எண்ணியதுதான் முதற் பிழை. மல்லேசுவரத்தில் ஒரு கடைக்குச் சென்று, இருப்பவற்றுள் விலை மிக்கதாகக் கலப்பற்ற பீபெரியில் அரைக் கிலோ வாங்கி வந்தோம். அன்னையார் ஒரு வாய் அருந்திவிட்டு, "வாசனை இருக்கிறது, தம்பி, காப்பி இல்லை" என்றார்.

இதைக் கேட்டுச் சிரித்தவன், கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நம் தமக்கை மகன். அவன் கூட்டத்தார் இப்போது பருகுவது மச்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி. அறுவடைக்கு முன் மூன்று வாரம் போல் செடிக்கு நிழல் கட்டி வளர்த்து, இலையை உலர்த்தி, நரம்பு நீக்கி, கல் திரிகையில் அரைப்பார்களாம். வெந்நீரில் மட்டும் அடித்துப் பருக இளந்தளிர்ப் பொடி. பாலும் சர்க்கரையும் சேர்க்கவும் கேக்கில் இடவும் முதிர்ந்த, கைப்பு மிகுந்த பொடி. "விலை அதிகமானதைப் பாலில் போட்டால் பால்தான் தெரியும், மாமா" என்றான். பையன் சொன்னது பச்சைப் பொடியைப் பற்றி. நமக்கு உறைத்தது பீபெரியைப் பற்றி.

மறுவாரம் அதே கடைக்குச் சென்றோம். சம்பிகே சாலையில் திரும்பும்போதே வறுபடும் மணம் வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்லும். கன்னடத்தார் காப்பித் தூளைக் 'காபி புடி' என்பர்; நம் பொடியே அவர்கள் புடி. கடையை நடத்தும் முதியவர் ஓய்வாக இருந்தமையால், கேட்டதற்கெல்லாம் விடை கூறினார்.

காப்பிப் பழம் ஒவ்வொன்றிலும் இயல்பாக இரண்டு கொட்டைகள், முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டு விளையும். அதுவே பீபெரி. உருண்டையானதால் வறுக்கும் பாத்திரத்தில் உருண்டு நாற்புறமும் சீராக வறுபடும். பிளாண்டேஷன் என்பது பழத்தின் தோலுரித்து, புளிக்கவைத்துக் கழுவி உலர்த்திய அரபிக்கா; செர்ரி என்பது பழத்தோடு காயவைத்து உடைத்தது. பிளாண்டேஷனில் ஏஏ, ஏ, பி, சி என்று பிரிப்பதைச் சுவையின் தரம் என்றே நாம் இத்தனை நாள் கருதி வந்தோம். அது சல்லடைக் கணக்காம்! 7.10 மில்லிமீட்டர்த் துளையில் விழாமல் நிற்பது ஏஏ, 6.65-இல் நிற்பது ஏ. பெரிய கொட்டைக்கு விலை பெரிது; நாவுக்கு அது கட்டாயமன்று.

ரோபஸ்டாவைப் பற்றி நம்மவர் இளப்பமாகப் பேசுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலைத்துரு நோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிடச் செய்தது. இங்கேயும் அரபிக்காவை வாட்டியது. அந்நோயைத் தாங்கும் உறுதி ரோபஸ்டாவுக்கு உண்டு. இன்று நம் நாட்டு விளைச்சலில் பெரும் பங்கு அதுவே. அரபிக்காவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன். கைப்பும் கனமும் அதிகம். பாபா புதன் என்ற பெரியார் மோக்காவிலிருந்து ஏழு விதை கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்னும் கதையில் ரோபஸ்டாவுக்கு இடமில்லை. ஆயினும் கலியாணச் சமையற்கட்டில் நூறு பேருக்குப் பால் பெருக்கிக் கலக்கும்போது ஈடு கொடுப்பது அதுவே.

சிக்கரியோ காப்பியே அன்று. ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். பில்டரில் நீரை நிறுத்தி மெல்ல இறங்கச் செய்யும். கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும், எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். அன்பர்கள் அந்தச் சிறிய எழுத்தை வாசித்துவிட்டுக் காசு கொடுப்பது நலம்.

"சிக்கரி ஹாக்லா, பேட்வா?" என்று கேட்டார் முதியவர். போடவா, வேண்டாமா என்பது பொருள். நமக்கு விடை தெரியவில்லை. வீட்டில் என்ன பால், எவ்வளவு பால், பில்டர் பித்தளையா எவர்சில்வரா, ஊரில் என்ன கலப்பு என்று அடுக்கினார். கடைசிக் கேள்வியில் திகைத்து நின்றோம். ஊரில் காப்பித் தூள் வாங்கியவர் தந்தையார். கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போய் வாங்கி வருவார். என்ன சொல்லி வாங்கினார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வீடு சென்று அன்னையாரை வினவினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். "எனக்கு எப்படித் தெரியும்? பொட்டலம் வரும், டப்பாவில் கொட்டுவேன். அளவெல்லாம் உங்கள் அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றார். அப்போதுதான் அந்த மீதிக் காப்பி என்ன சொல்லிற்று என்பது நமக்கு விளங்கியது.

ஞாயிறன்று அன்னையாரையே கடைக்கு அழைத்துச் சென்றோம். அவர் தமிழில் பேச, முதியவர் கன்னடத்தில் பேச, இடையே நமக்கு வேலையில்லாமற் போயிற்று. வறுத்த கொட்டையை உள்ளங்கையில் இட்டு முகரக் கொடுத்தார். "இன்னும் கருக வேண்டும், ஐயா" என்றார் அன்னையார். அரைப்பதிலும் ஓர் அளவுண்டு; மிக நைசானால் பில்டரின் துளை அடைபடும், கரகரப்பானால் நீர் சாறு இழுக்காமல் ஓடிவிடும். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் குறையுமாதலால், நூறு நூறு கிராமாகவே வாங்குமாறு அவரே யோசனை கூறினார். வியாபாரி குறைத்து வாங்கச் சொல்வதை நாம் கேட்டது அதுவே முதன்முறை.

முதல் நூறு: பிளாண்டேஷன் ஏ எண்பது, சிக்கரி இருபது. அன்னையார் முழு டம்ளரும் குடித்தார். ஆனால் தலையை அசைத்தார். இரண்டாவது: ஏ அறுபது, ரோபஸ்டா இருபது, சிக்கரி இருபது. "கிட்ட வருகிறது" என்றார். மூன்றாவதில் ஏ ஐம்பதாகி, சிக்கரி முப்பதாயிற்று. ரோபஸ்டா இருந்தபடி இருபது. அன்று காலை டபராவில் ஊற்றி இரண்டு முறை ஆற்றி, ஒரு வாய் பருகி, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒரு சிட்டிகை சிக்கரி போட்டிருப்பார் அவர். கஞ்சத்தனம்" என்றார். தந்தையார் மறைந்தபின் அவரைப் பற்றி அன்னையார் நம் எதிரில் பேசிய முதற் பேச்சு அது. பின்பு சைக்கிளைப் பற்றியும், மழையில் நனைந்து வந்த பொட்டலத்தை வாணலியில் போட்டு உலர்த்தியது பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நமக்கு அன்று ஆபீசுக்கு அரைமணி தாமதம்.

நம் இல்லத்தில் இப்போது இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. மீந்த பீபெரியைப் பால் சேர்க்காமல் நாம் மட்டும் அருந்துகிறோம். அப்படி அருந்தினால் அதன் அருமை தெரிகிறது. டிக்கெட்டை ரத்துச் செய்யட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார் அன்னையார். பொங்கலுக்கு ஊருக்குச் சென்றார். போகும்போது இருநூறு கிராம் தூளும், கலப்பு எழுதிய காகிதமும் கொண்டு சென்றார். சித்திரையில் திரும்புவதாக எழுதியிருக்கிறார். பித்தளைப் பில்டரையும் உடன் கொண்டு வருவாராம்.