ஐயோ என்றொரு நிலா

அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சொத்து இரண்டே இரண்டு: ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பழைய டிரான்சிஸ்டர். அம்மா போனதோடு அவர் பேச்சும் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஷார்ட் வேவில் முள்ளை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஸ்டேஷனும் கிடைக்காது. வெறும் கர்ர்ர்... காலையில் 8.10 பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய எனக்கு எப்படி இருக்கும்?

"இந்த இரைச்சல்ல என்னதாம்ப்பா கேக்கறீங்க?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். பேசாமல் அணைத்துவிட்டார். அது உறுத்தியது.

உறுத்தலில் இரைச்சலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1955-ல் அமெரிக்காவில் மேரிலாந்து வயல்வெளி ஒன்றில் ஏரியல் கட்டி, பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவர் 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தை ஒட்டுக்கேட்டார்கள். நடுவே ஒரு கரகரப்பு. எவனோ பண்ணையாள் காதலியைப் பார்த்துவிட்டு ஓட்டை வண்டியில் திரும்புகிறான் என்று முதலில் சந்தேகப்பட்டார்களாம். கடைசியில் பார்த்தால் வியாழன் கிரகம்!

1964-ல் ஆஸ்திரேலியாவின் பிக் என்பவர் இன்னொரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். வியாழனின் ஒரு நிலா குறிப்பிட்ட சில இடங்களுக்கு வந்தால், இரைச்சல் கேட்கும் வாய்ப்பு எகிறுகிறது. நிலாவின் பெயர் ஐயோ. சத்தியமாக, சார்!

நம் சந்திரனைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அது வியாழனைச் சுற்ற 42½ மணி நேரம். வியாழனோ 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுழல்கிறது, தன் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு. அந்தப் புலம் ஐயோவைக் கடந்து ஓடும்போது, சைக்கிள் டைனமோ மாதிரி மின்சாரம் பிறக்கிறது. சுமார் 4 லட்சம் வோல்ட்! அது காந்தக் கோடுகள் வழியே வியாழனின் துருவங்களுக்குப் பாய்கிறது. அங்கே சுழலும் எலெக்ட்ரான்கள்தான் ரேடியோ அலைகளாகக் கத்துகின்றன. அலைகள் கூம்பு மாதிரி விரிவதால், கூம்பின் விளிம்பு பூமிப் பக்கம் திரும்பினால்தான் நமக்குக் கேட்கும்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன்.

"நிலா பேரு என்ன சொன்னே?"

"ஐயோ."

சிரித்தார். எத்தனை மாதமாயிற்று!

"அப்ப இதுல வர்றது அதுதானா?"

"இல்லப்பா. அதுக்குப் பெரிய ஏரியல் வேணும். இது நம்ம டியூப் லைட் சோக்கா இருக்கும்."

முள்ளை லேசாகத் தொட்டார். "உங்கம்மா சிலோன் பாட்டு கேட்டது இந்த இடத்துலதான். பாட்டு போயிடுச்சு. இடம் இருக்கில்ல?"

அப்புறம் பேசினார், பேசினார், இரண்டு மணி வரைக்கும்.

இப்போதெல்லாம் 8.10 தவறிவிடுகிறது. ஏன் லேட் என்று மானேஜர் கேட்டால் "ஐயோ, சார்" என்கிறேன். உண்மையும் அதுதானே!