முப்பது தாண்டித் தொடங்கிய ஆட்டம்... புரூக்ளினில் சில டிசம்பர் இரவுகள்!

நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருக்கிறது வில்லியம்ஸ்பர்க். தொழிற்சாலைகளும் கிடங்குகளுமாக இருந்த ஏரியா. அங்கே ஒரு பழைய இரும்பு ஆலைக் கட்டடத்தில், 2009-ல் திறக்கப்பட்டது 'புரூக்ளின் பௌல்'. 16 பௌலிங் தடங்கள், பக்கத்திலேயே இசை மேடை. பந்து உருண்டு கட்டைகள் சரியும் சத்தத்தோடு கிதாரும் முழங்கும்.

ஆண்டின் கடைசி வாரங்களில் இங்கே சில இரவுகள் தொடர்ந்து வாசிப்பது 'தி ஹோல்ட் ஸ்டெடி' குழுவின் வழக்கம். இந்தக் கொண்டாட்டத்துக்குப் பெயர் 'மாஸிவ் நைட்ஸ்'.

குழு தொடங்கியது 2003-ல், இதே புரூக்ளினில். பாடகர் கிரெய்க் ஃபின்னுக்கு அப்போதே முப்பது வயது தாண்டியிருந்தது. மினியாபொலிஸில் அவர் நடத்திய முந்தைய குழு 2000-ல் கலைந்திருந்தது. ராக் இசையில் புதிதாகத் தொடங்க அது கொஞ்சம் லேட்தான். ஆளும் 'ராக் ஸ்டார்' போல இருக்க மாட்டார். மூக்குக் கண்ணாடி, ஓயாமல் அசையும் கைகள். பாடுவதைவிடக் கதை சொல்வது போலத்தான் இருக்கும்.

ஆம், கதைதான் இவர்கள் பலம். 2005-ல் வந்த 'செபரேஷன் சண்டே' ஆல்பத்தில் ஹாலி, கிடியன், சார்லமேன் என்ற மூவர் பாட்டுக்குப் பாட்டு வருவார்கள். நம் வார இதழ் தொடர்கதை மாதிரி! போதை, பார்ட்டி, சர்ச் என்று அலையும் இளசுகளின் கதை.

பாடுபவர்களுக்கு வயதானபோது பாட்டுக்கும் வயதானது. 2010-ல் கீபோர்டு கலைஞர் ஃபிரான்ஸ் நிக்கோலே விலகினார். 2016-ல் திரும்பி வந்தார். இடையில் சேர்ந்த கிதார் கலைஞரை யாரும் அனுப்பிவிடவில்லை; ஐந்து பேர் ஆறு பேரானார்கள். 2021-ன் 'ஓப்பன் டோர் பாலிசி'யில் டிரம்பெட், சாக்ஸபோன் வகையறாக்களும் சேர்ந்தன. வேகம் தணிந்து, பாடலுக்குள் மூச்சுவிட இடம் கிடைத்தது. இப்போது கதைகளில் பணம், மனநலம், டெக்னாலஜி, பிழைப்பு பற்றிய கவலைகள். 2023-ல் 'தி பிரைஸ் ஆஃப் புராக்ரஸ்' வந்தபோது ஃபின்னுக்கு 50 தாண்டியிருந்தது.

மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைவதையும் குறைத்துவிட்டார்கள். ஒரு நகரில் இரண்டு மூன்று இரவுகள் வாசிக்கிறார்கள். ரசிகர்கள் தேடி வருகிறார்கள்.

20 வயது வேகத்தை 50-லும் நடித்துக்காட்டுவது சுலபம். 50-ஐ 50-ஆகவே பாடுவதற்குத்தான் தைரியம் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிதார் தூங்குகிறதா? இறக்கித் தூசி தட்டுங்கள்!